சனிற்றரி மாப்பிள்ளை

மதகடியில் ஏறும்போதே கதிர்காமநாதன் சைக்கிள் மணியை அடிக்கத் தொடங்கிவிடுவார். ஆளை விலக்குவதற்கு அடிக்கிற ஒற்றை மணி அல்ல. பூசை நேரத்துக் கோயில் மணிபோல விடாமல் அடிக்கிற அடி. சத்தம் முதலில் கிளிநொச்சிக் கடைத்தெருவுக்குள் வந்து சேரும். ஆள் ஆறுதலாகப் பின்னால் வருவார். அந்த இடைவெளியில் கடைகளுக்குள் நடக்கிற கூத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒருவர் வடைத் தட்டை மூட ஓடுவார். இன்னொருவர் மேசையைத் துடைப்பார். துடைத்த துணியே ஊத்தையென்று கண்டதும் அதைச் சுருட்டி வேலிக்கு அப்பால் எறிவார். பின்பக்கம் வாளிகள் உருளும். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்கள் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொள்வார்கள். கீழே கூட்டுகிற தும்புக்கட்டை போகும்.

"வாறார், வாறார்! சனிற்றரி வாறார்!"

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்று அந்த உத்தியோகத்துக்கு நீளமான பெயர் உண்டு. அதை முழுதாகச் சொல்ல ஊரில் ஒருவருக்கும் பொறுமை இல்லை. அவர் சனிற்றரி ஐயா. அவ்வளவுதான்.

வவுனியாவில் வேலை பார்க்கிற நண்பர் ஒருவர் ஒருமுறை அவரோடு கூடவே வந்து இந்த மணியடிப்பைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "இப்பிடி அடிச்சுக்கொண்டு போனா நீ ஆரை ஐசே பிடிக்கிறது?"

"பிடிக்கிறதுக்கு நான் என்ன பொலிசே?" என்றார் கதிர்காமநாதன். "அவங்கள் கழுவ வேணும். அதுதானே காரியம். என்னட்டைப் பயந்து கழுவினா என்ன, கடவுளுக்குப் பயந்து கழுவினா என்ன, கழுவினது கழுவினதுதான்."

சில நாட்களில் அவர் மணியை அடித்துக்கொண்டே கடைத்தெரு முழுவதையும் கடந்து, ஒரு கடையிலும் இறங்காமல் பூநகரி வீதியில் திரும்பிப் போய்விடுவார். பின்னால் முழுத் தெருவும் துடைத்து மெழுகினதுபோல் கிடக்கும். கடைக்காரர்கள் வாசலில் நின்று ஒருவரையொருவர் பார்த்துத் திட்டுவார்கள், பிறகு சிரிப்பார்கள்.

இறங்கினால், முன்வாசலால் வரமாட்டார். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, கிணற்றடி, விறகு அடுக்கு, எச்சில் இலை போடுகிற கிடங்கு என்று சுற்றிப் பார்த்துக்கொண்டு நேரே குசினிக்குள் தலையை நீட்டுவார். ஆள் நல்ல பருமன். காக்கி அரைக்காற்சட்டைக்கு மேலே வயிறு கொஞ்சம் முந்திக்கொண்டு வரும். அந்த உடம்பு குசினி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும்போது உள்ளே வெளிச்சம் குறைந்துவிடும். உள்ளே இருக்கிறவன் நிமிர்ந்து பார்க்காமலே, "வாங்கோ ஐயா" என்பான்.

"உந்தச் சீனிப் பேணிக்குள்ளை நீந்திறது ஆர் காணும், உம்மடை மச்சானே?" என்பார் ஈயைக் காட்டி. ஏச்சு என்றால் அவரிடம் இவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்கிற குரல் தெருவுக்கு அப்பால் ரயில் நிலையம் வரை கேட்கும். இயற்கை அவருக்கு ஒரே அளவான குரலைத்தான் கொடுத்திருந்தது. இரகசியம் பேசவென்று வாயைக் காதருகே கொண்டுபோனாலும் எதிர்ச்சாரிக் கடைக்காரர் தலையாட்டுவார்.

இன்னொரு வேடிக்கை: மனிதருக்குச் சாப்பாட்டில் அப்படியொரு பிரியம். தாளிதத்தின் மணத்தை வைத்தே வெந்தயம் கூடிவிட்டதா, கருவேப்பிலை பிந்திப் போட்டார்களா என்று சொல்லிவிடுவார். இருந்தும் தன் பகுதியிலுள்ள எந்தக் கடையிலும் பச்சைத் தண்ணீர்கூட வாய்க்குள் விடமாட்டார். "இண்டைக்கு உம்மடை தோசையைத் திண்டா, நாளைக்கு உம்மடை குசினியிலை என்ரை கண் மங்கிப்போம்" என்பார். நெய்த்தோசை கல்லில் கிடந்து முறுகுகிற நேரத்தில் அவர் அதைப் பார்க்காமல் கூரை முகட்டைப் பார்த்தபடி கேள்வி கேட்கிற காட்சியில், கடைக்காரர்களுக்கு ஒரு குரூரமான இன்பம் இருந்தது.

அவரிடம் அதிகம் அகப்பட்டவன் ஸ்டேசன் முன்னால் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கும் யோகலிங்கம். கட்டைக் குட்டையான ஆள். வாய் மட்டும் நீளம். உருத்திரபுரத்திலும் அயலிலும், தண்ணீரால் தொற்றுகிற நெருப்புக்காய்ச்சல் பரவிய வருடத்தில், யோகலிங்கம் எல்லாக் கிளாசுகளையும் ஒரே வாளித் தண்ணீருக்குள் முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தான். மணியடித்தும் திருந்தாத ஆள் அவன் ஒருவன்தான். கதிர்காமநாதன் சட்டப்படி நடவடிக்கை எடுத்து, கடையைப் பூட்ட வைத்தார்.

பூட்டிய கடைக்கு மறுநாளே அவர் மறுபடியும் வந்தார். சண்டைக்கு வந்ததாக நினைத்து யோகலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டினான். அவரோ கூடவே ஒரு தச்சனைக் கூட்டிவந்திருந்தார். வடை, வாய்ப்பன் வைக்க வலையடித்த அலுமாரி எப்படி இருக்க வேண்டும் என்று கரித்துண்டால் சுவரில் கீறிக் காட்டினார். கிளாசு அவிக்கிற பானைக்கு அடுப்பு எங்கே வர வேண்டும் என்று நிலத்தில் குந்தியிருந்து கல் வைத்துப் பார்த்தார். கடை திறந்த அன்று காலையில் வாசலில் நின்று, ரயிலால் இறங்கிய சனத்தையெல்லாம் அந்தக் குரலால் கூப்பிட்டார்: "போங்கோ, போய்க் குடியுங்கோ! கிளிநொச்சியிலை இப்ப இதுதான் சுத்தமான கடை!"

"குடிக்க நீங்களும் வாங்கோவன் ஐயா," என்றான் யோகலிங்கம்.

"நான் வரேலாது. நீர் ஊத்தும், நான் பாக்கிறன்."

அந்தக் காய்ச்சல் காலத்தில்தான் அவர் கனகலிங்கத்தாரின் வீட்டுப் படலையையும் திறந்தது. கனகலிங்கத்தார் கரவெட்டியிலிருந்து வந்து, உருத்திரபுரத்தில் காடு வெட்டி வயலாக்கிய முதல் ஆட்களில் ஒருவர். அவருடைய மூத்த மகள் பத்மாசனி காய்ச்சலில் கிடந்தாள். கதிர்காமநாதன் முற்றத்தில் நின்று, எதை அவிக்க வேண்டும், எதை எரிக்க வேண்டும், எதை மூட வேண்டும் என்று சொன்னார். அடிக்கடி வந்தார். அயலில் ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண்ணைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அன்று அவர் பத்மாசனியின் வீட்டு வாசலில் வந்து ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டுப் போனார். அவரைச் சத்தமில்லாமல் ஊர் கண்டது அந்த ஒரு நாள்தான்.

பத்மாசனி எழும்பிவிட்டாள். தலைமயிர் மட்டும் கொத்துக் கொத்தாகக் கொட்டிப்போயிற்று. அவள் சீலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு வெளியே வந்த முதல் நாள், கதிர்காமநாதன் படலையில் நின்று, "முளைக்கும், முளைக்கும்! வேர் இருக்கு!" என்றார். வயல்வெளியில் நெல் அருவி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாதக்கணக்கில் அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு அது.

கனகலிங்கத்தார் அதைக் கேட்டார். முடி தோள்மட்டுக்கு வளர்ந்ததும் தரகர் ஒருவரைச் சாவகச்சேரிக்கு, கதிர்காமநாதனின் தாயாரிடம் அனுப்பினார். "யோகலிங்கத்தின்ரை கடையையே பூட்டின மனிசன். நேர்மையான பிள்ளை. அப்பிடி ஆளிட்டைத்தான் என்ரை பிள்ளையைக் குடுப்பன்" என்று சங்கக் கடையில் நின்று சொன்னார். தாயாருக்குச் சம்மதம். கதிர்காமநாதனுக்குச் சம்மதமா என்று கேட்கவே தேவை இருக்கவில்லை. அந்தக் கிழமை முழுவதும் அவருடைய மணி வழமையைவிட அதிக நேரம் அடித்தது.

கலியாணம் தை மாதத்தில், பெண் வீட்டில். சமையலுக்கு ஆள் தேடவேண்டி வரவில்லை. யோகலிங்கம் தானே போய்க் கனகலிங்கத்தாரிடம் நின்றான். "நான்தான் சமைப்பன் அண்ணை. அவர் என்ரை கையாலை ஒரு நாளும் சாப்பிடேல்லை. மாப்பிள்ளையாய் வந்தாச் சாப்பிட்டுத்தானே ஆகோணும்?" அவன் கண்களில் இருந்தது அன்பா பழிவாங்கலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் இருந்திருக்கும்.

முதல் நாள் இரவு எதிர்பாராமல் மழை கொட்டியது. விடியற்காலையில் வானம் வெளித்து, பந்தலின் தென்னோலைகள் ஈரத்தில் மினுங்கின. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உறவினர்கள் வெள்ளை வேட்டிகளைத் தூக்கிப் பிடித்தபடி சேறு தாண்டி வந்தார்கள். மேளக்காரர் இராகம் எடுத்தார். தலைப்பாகையும் பட்டு வேட்டியுமாக, மார்பில் மாலை புரள, கதிர்காமநாதன் வாடகைக் காரால் இறங்கினார்.

பந்தல் வாசலில் பலகையில் ஏறி நின்றார். பெண்ணின் தம்பி பாலன், வயல் வேலையில் உரமேறிய இளைஞன், குனிந்து செம்புத் தண்ணீரை அவர் காலில் ஊற்றினான். வழக்கப்படி அப்போது மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போட வேண்டும். கதிர்காமநாதன் மோதிரத்தை எடுத்தார். ஆனால் கண் காலில் நின்றுவிட்டது. மஞ்சள் பூசிய பலகையில் வழிந்த தண்ணீர் கலங்கலாக இருந்தது. அவருடைய பெருவிரலில் ஒரு வைக்கோல் துரும்பும், அதோடு பச்சையாக வேறொன்றும் ஒட்டிக்கொண்டிருந்தன.

அவர் மோதிரத்தைப் பாலனின் விரலில் போட்டார். போட்டபடியே, "தம்பி, இது எந்தக் கிணத்துத் தண்ணி?" என்றார்.

"எங்கடை கிணறுதான் அத்தான்."

"சமையலுக்கும் உதுதானோ?"

"ஓம்."

கதிர்காமநாதன் மணவறைப் பக்கம் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு மணவறைக்குப் போய் இருந்துவிடலாம். வெளித்திருக்கிற நல்ல காலை, மேளம் கேட்கிறது, உள்ளே பத்மாசனி காத்திருக்கிறாள். அப்போது அவருக்கு அந்தப் பிள்ளைத்தாச்சிப் பெண்ணின் வீட்டு முற்றம் நினைவுக்கு வந்தது. அவர் பலகையிலிருந்து இறங்கி, வீட்டின் பக்கவாட்டால் கிணற்றடிக்கு நடந்தார். மாப்பிள்ளைத் தோழன் பின்னால் ஓடினான். ஐயர் எழும்பினார்.

கிணற்றைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. இரவு மழையில் வயல் வரம்பு உடைத்து, வெள்ளம் மாட்டுக்கொட்டிலைக் கழுவிக்கொண்டு நேரே கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. சுற்றுக்கட்டு இல்லாத கிணறு, தடுக்க ஒன்றும் இல்லை. இருட்டோடு எழும்பி அள்ளத் தொடங்கியவர்கள் எவரும் கவனிக்கவில்லை. பக்கத்துச் சமையல் கொட்டிலில் சோறும் கறிகளும் கொதித்துக்கொண்டிருந்தன. ஆனால் கொட்டில் வாசலில், வாழையிலை போட்டு மூடி, பெரிய அண்டா நிறையச் சர்பத்தும், பானைகளில் மோரும் சனத்துக்குக் கொடுக்க ஆயத்தமாக நின்றன.

கனகலிங்கத்தார் சால்வையைப் பிடித்தபடி ஓடிவந்தார். கதிர்காமநாதன் அவரை அணைத்துக்கொண்டு, காதோடு காதாக, தன்னால் இயன்ற அளவு மெதுவாகச் சொன்னார்:

"மாமா, தண்ணிக்குள்ளை மாட்டுச் சாணி கிடக்கு."

அந்த நேரம் பார்த்து மேளம் நின்றிருந்தது. பந்தலிலுள்ள அத்தனை பேருக்கும் அது கேட்டது.

கனகலிங்கத்தாரின் முகம் கறுத்தது. "என்ன சொன்னீர்? நான் தோண்டின கிணறு இது. காடு வெட்டின நாள் துவக்கம் இதிலைதான் அள்ளிக் குடிக்கிறம். சபைக்கு முன்னாலை என்னை ஊத்தைக்காரனாக்கிறீரோ?"

"கொதிச்சது எல்லாம் இருக்கட்டும் மாமா. சர்பத்தையும் மோரையும் மட்டும் கீழை ஊத்த வேணும். பச்சைத் தண்ணி ஒரு சொட்டும் ஒருத்தருக்கும் குடுக்கக் கூடாது."

"மாப்பிள்ளை வந்த வாசலிலை சர்பத்தை ஊத்திறதோ? அபசகுனம்!" என்று யாரோ பின்னால் சொன்னார்.

"ஊத்தினா இந்தக் கலியாணம் இல்லை," என்றார் கனகலிங்கத்தார். சொன்ன பிறகு அவருக்கே அந்தச் சொல் பெரிதாகப் போய்விட்டது. ஆனாலும் திருப்பி எடுக்கத் தெரியவில்லை.

கதிர்காமநாதன் தலைப்பாகையைக் கழற்றித் தோழனிடம் கொடுத்தார். "தாலியைக் கொஞ்சம் பிந்தியும் கட்டலாம் மாமா. காய்ச்சலைக் குடுத்திட்டுத் திருப்பி வாங்கேலாது."

கொட்டிலுக்குள்ளிருந்து யோகலிங்கம் அகப்பையோடு வெளியே வந்தான். "கனகலிங்கண்ணை, என்ரை கடையை இவர் பூட்டேக்கை நேர்மையான பிள்ளை எண்டு ஊரெல்லாம் சொன்னது நீங்கள்தானே?"

"அது கடை. இது வீடு!"

"காய்ச்சலுக்கு உது தெரியுமே அண்ணை?"

அந்த நேரம் குசினிக் கதவு திறந்தது. பத்மாசனி வந்தாள். தாலிக்கு உடுக்கிற கூறையல்ல, அதற்கு முந்திய முதற் சேலை, கழுத்தில் பதக்கம், தலையில் பின்னல் பாதியில் நின்றது. பொய்முடியை வைத்துப் பின்னிக்கொண்டிருந்தவர்களின் கையிலிருந்து அப்படியே எழும்பி வந்திருக்கிறாள். மணப்பெண் இப்படி வெளியே வரலாமா என்று பெண்கள் பின்னால் கூவினார்கள்.

அவள் பாதிப் பின்னலைக் கையில் பிடித்துத் தகப்பனுக்குக் காட்டினாள். "இது ஆரின்ரை மயிர் ஐயா? என்ரையோ, கடையிலை வாங்கினதோ?"

கனகலிங்கத்தார் பின்னலைப் பார்த்தார், பிறகு கிணற்றைப் பார்த்தார்.

"கிணத்தை ஆரும் பிழை சொல்லேல்லை. அது நல்ல கிணறு. ராத்திரிப் பெய்த மழைதான் பிழை. மழை செய்ததுக்கு நீங்கள் ஏன் ஐயா ரோசப்படுறியள்?"

பெரியவரின் தோள்கள் இறங்கின. மழையில் பழியைப் போட்டதும் அவருக்கு நிற்க ஓர் இடம் கிடைத்துவிட்டது. "ஓம், நாசமாப்போன மழை," என்று முணுமுணுத்தார். பிறகு அண்டாவின் ஒரு காதைத் தானே பிடித்தார். "பாலன், மற்றப் பக்கத்தைப் பிடி. மேளக்காரர் என்ன, தூங்கிறியளே? அடியுங்கோ!"

மேளம் முழங்க, கலியாணச் சர்பத் சிவப்பாக வாழையடியில் ஓடியது. மோர்ப் பானைகளும் கவிழ்ந்தன. சனத்துக்குக் கொடுக்க இனி என்ன இருக்கிறது என்று எல்லாரும் திகைத்தபோது யோகலிங்கம் பெரிய கிடாரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டான். தன் கடையில் கிளாசு அவிக்கிற மாதிரியே, தண்ணீர் குமுறிக் குமுறிக் கொதிக்கும்வரை ஒருவரையும் கிட்ட விடவில்லை. அதை இரண்டாய் மடித்த புது வேட்டித் துணியால் வடித்து, இஞ்சி தட்டிப்போட்டு, தேயிலை போட்டான்.

கலியாண வீட்டில் சீனி போட்ட, பாலில்லாத வெறும் தேத்தண்ணீர்! யாழ்ப்பாணத்துச் சனம் முதலில் ஒன்றையொன்று பார்த்தது. ஆனால் மழை விட்ட குளிரில், ஈரவேட்டியோடு இருந்தவர்களின் தொண்டைக்குள் அந்த இஞ்சிச் சூடு இறங்கியதும் கதை மாறியது. "இன்னும் இருக்கே தம்பி?" என்று முன்வரிசையிலிருந்து குரல்கள் வந்தன. முகூர்த்தம் தவறுகிற விளிம்பில் ஐயர் கையை உயர்த்தினார். கதிர்காமநாதன் தாலியைக் கட்டினார். முடிச்சுப் போடுகையில் அவர் பத்மாசனியின் காதருகே ஏதோ இரகசியம் சொன்னார். அது என்னவென்று பந்தலில் எல்லாருக்கும் தெரியும்.

"பின்னல் வடிவாயிருக்கு."

பந்தியில் யோகலிங்கம் வேறெவரையும் மாப்பிள்ளையின் இலைக்குக் கிட்ட விடவில்லை. கதிர்காமநாதன் கத்தரிக்காய்க் குழம்பில் கை வைத்து, கண்ணை மூடி, வாயில் வைத்தார். கடைக்காரன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். "கொஞ்சம் புளி கூடிப்போச்சு," என்றார் மாப்பிள்ளை. அடுத்த கவளத்தை அதைவிடப் பெரிதாக உருட்டினார். யோகலிங்கம் துள்ளிக்கொண்டு கொட்டிலுக்குள் ஓடிப்போய், கூட நின்றவர்களைக் கட்டிப்பிடித்தான்.

நாலாம் நாள் சடங்குக்கு முன்னரே கிணற்றடியில் வேலை தொடங்கிவிட்டது. புது மாப்பிள்ளையும் பாலனும் வரம்பைக் கட்டினார்கள். மாட்டுக்கொட்டில் வீட்டுக்கு மறுபக்கம் போயிற்று. அயலிலிருந்து தண்ணீர் இறைக்கிற மெசினைக் கொண்டுவந்து கிணற்றை அடிவரை இறைத்து, ஊற வைத்து, மருந்துத் தூள் போட்டு, மறுபடியும் இறைத்தார்கள். சீமெந்தால் கட்டும் எழும்பியது. கனகலிங்கத்தார் கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கலியாண நாளுக்குப் பிறகு மருமகனோடு அவர் தேவைக்கு மேலே ஒரு சொல் பேசவில்லை.

கட்டுக் காய்ந்த நாளில் அயலவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். யோகலிங்கமும் கடையை விட்டுவிட்டு வந்திருந்தான். கனகலிங்கத்தார் தாமே கயிற்றை விட்டு முதல் வாளியை அள்ளினார். ஒரு செம்பை உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவி, நிறைத்து, இரண்டு கையாலும் மருமகனிடம் நீட்டினார். அவர் கண் மருமகனுடைய முகத்திலேயே இருந்தது. மருந்துத் தூளின் வாடை இன்னும் மெல்லிதாக அடித்தது. அவர் செம்புக்குள் பார்ப்பாரா, மூக்கில் பிடித்து மணந்து பார்ப்பாரா என்று எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

கதிர்காமநாதன் செம்பைத் தூக்கி, அண்ணாந்து, மூச்சு விடாமல் மடமடவென்று கடைசிச் சொட்டுவரை குடித்தார். தண்ணீர் நாடியால் வழிந்து சட்டையை நனைத்தது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வெறும் செம்பை மாமனாரிடம் மறுபடியும் நீட்டினார்.